மறு: பிளாக்பெர்ரி வகைக் கருவிக்குத் தமிழில் என்ன சொல்வது? – அஞ்சல்பேசி, உந்தஞ்சல்

(2008-ல் எழுதிய மடல்)

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பிளாக்பெர்ரி போல, மின்னஞ்சல் தானாக வந்து சேரும் கையடக்கக் கருவிக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற கேள்விக்கு இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்தேன். கருநாவல், நாவற்பேசி, கையடக்க மின்னஞ்சல் கருவி, திறன்பேசி, மின்மடற்பேசி என்று ஐந்து சொற்கள் இதுவரை வந்திருக்கின்றன. நான் ஆறாவதாக ஒன்று தருகிறேன்: அஞ்சல்பேசி. திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதியில் இருப்பவன் நான். நாள் முழுக்க இந்தக் கருவியோடுதான் பிழைப்பு. அதனால் இலக்கணத்துக்குப் போகுமுன், இது செய்கிற வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். வேலை சரியாகத் தெரிந்தால் பெயர் தானாக அமையும்.

எங்கள் சரக்கை வாங்கும் பையர்கள் பெரும்பாலும் ஜெர்மனிக்காரர்கள். கோடையில் அவர்களுக்கும் நமக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. அவர்கள் மாலை ஐந்து மணிக்கு ஆபீஸை விட்டுக் கிளம்புமுன் தட்டிவிடும் மடல் இங்கே இரவு எட்டரைக்கோ ஒன்பதரைக்கோ வரும். "கலர் ஓகே, பல்க் போடலாம்" என்று, அதாவது மொத்தத் துணிக்கும் சாயம் போடலாம் என்று, ஒரே வரி. அந்த வரிக்காகச் சாயப்பட்டறையில் துணி காத்துக் கிடக்கும். முன்பெல்லாம் அது மறுநாள் காலை ஆபீஸ் திறந்து கணினியைப் போட்ட பிறகுதான் தெரியும். ஒரு நைட் ஷிப்ட் வீண். தூத்துக்குடியில் கப்பல் பிடிக்க வேண்டிய சரக்கு இப்படி ஒவ்வொரு நாளாகத் தள்ளிப்போனால், கடைசியில் விமானத்தில் அனுப்ப வேண்டி வரும். அந்த ஆர்டரில் கிடைக்க வேண்டிய லாபம் விமானக் கூலிக்கே சரியாகிவிடும். இப்போது சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இடுப்பு உறையில் கருவி அதிர்கிறது. எடுத்துப் பார்த்து, பட்டறைக்கு ஒரு போன் போட்டால் வேலை தொடங்கிவிடும்.

பயணத்தில் இதன் அருமை இன்னும் தெரியும். விமானத்தில் ஏறியதும் கருவியின் ரேடியோவை, அதாவது வலைத் தொடர்பை, அணைத்துவிட்டு, சேர்ந்துபோன மடல்களுக்கெல்லாம் உட்கார்ந்து பதில் எழுதி 'அனுப்பு' கொடுத்துவிடலாம். ஒவ்வொரு பதிலின் பக்கத்திலும் ஒரு சின்னக் கடிகாரக் குறி நிற்கும். பிராங்ஃபர்ட்டில் இறங்கி ரேடியோவைப் போட்டதும் அந்தக் கடிகாரங்கள் ஒவ்வொன்றாகச் சரிக்குறியாக மாறும். குடிநுழைவு வரிசையில் நிற்கும்போதே பாதி வேலை முடிந்திருக்கும். மடிக்கணினியை விரித்து, மின்செருகி தேடி, இணைப்புக்குக் காசு கட்டி உட்கார வேண்டியதில்லை. முகவரி எழுதும் இடத்தில் இடைவெளி விசையை அழுத்தினால் அதுவே '@' குறியைப் போட்டுவிடும். இரண்டு தடவை அழுத்தினால் வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி விழும். இரண்டு கட்டைவிரலை மட்டும் வைத்து எழுதுகிறவனை மனத்தில் வைத்துச் செய்த கருவி என்பது இப்படிச் சின்னச் சின்ன இடங்களில் தெரிகிறது.

இதெல்லாம் எதனால் முடிகிறது? அஞ்சல் தானாக வந்து சேர்வதால். சாதாரண மின்னஞ்சல், அஞ்சலகத்துக்கு நாமே போய் "எனக்கு ஏதாவது வந்திருக்கிறதா" என்று கேட்டு வாங்கி வருவதுபோல. இதில் தபால்காரர் வீடு தேடி வந்து கொடுத்துவிட்டுப் போகிறார். நிறுவனத்தின் அஞ்சல் சேவையகத்தோடு (சர்வரோடு) இன்னொரு சேவையகம் ஒட்டி உட்கார்ந்திருக்கும். மடல் வந்ததும் அது, வேறு யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்து, பிளாக்பெர்ரியைச் செய்யும் கனடா நிறுவனத்தின் நடுமையத்துக்கு அனுப்பும். அங்கிருந்து செல்பேசி நிறுவனம் வழியாகக் கருவிக்கு வரும். மறையை அவிழ்க்கும் திறவுகோல் இரண்டு முனைகளில் மட்டுமே இருக்கும், நடுமையத்தில் இருக்காது. மத்திய அரசு பாதுகாப்புக் காரணம் சொல்லி இந்த ஆண்டு (2008) எழுப்பிவரும் பிரச்சினையே இதைச் சுற்றித்தான். பத்திரிகைகளில் "பிளாக்பெர்ரி செல்போன்களுக்குச் சிக்கல்" என்று செய்தி வருகிறது. படிப்பவர்களுக்குச் செல்போன் பேச்சை ஒட்டுக்கேட்கும் விஷயமாகத் தோன்றுகிறது. சிக்கல் அஞ்சலில் இருப்பது தெரிவதில்லை. சரியான சொல் ஒன்று இருந்தால் செய்தியே தெளிவாகியிருக்கும்.

மடல் முழுவதும் ஒரே மூச்சில் வராது என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் சுமார் 2 கிலோபைட் மட்டும் வரும். மேலே படிக்க வேண்டுமென்றால் மிச்சம் வரும். வெளிநாட்டில் இருக்கும்போது பில் தாங்கும்படி இருப்பதற்கு இந்தச் சிக்கனம் ஒரு காரணம்.

இனி வந்த சொற்களைப் பார்ப்போம்.

> பிளாக்பெர்ரி என்பதைக் கருநாவல் என்றே சொல்லலாம், அழகாக இருக்கிறது.

அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் ஏற்க முடியவில்லை. நாவல் மரத்தில் காய்ப்பது, பிளாக்பெர்ரி முட்செடியில் காய்ப்பது. இரண்டும் வேறு வேறு பழம். அதை விட்டாலும், இது ஒரு நிறுவனம் தன் சரக்குக்கு வைத்த பெயர். நெருக்கமாக அமைந்த சின்னச் சின்ன விசைகள் பழத்தின் விதை மாதிரி இருக்கின்றன என்று பெயர் சூட்டும் நிறுவனம் ஒன்று யோசித்துக் கொடுத்தது. வணிகப் பெயரை மொழிபெயர்த்தால், அதே வேலையைச் செய்யும் பால்ம் ட்ரியோவையும் நோக்கியா ஈ61-ஐயும் மோட்டரோலா கியூவையும் என்ன சொல்வது? சாம்சங்கின் பிளாக்ஜாக்கையும் கருநாவலில் சேர்க்க முடியுமா? ஜெராக்ஸ் என்ற ஒரு நிறுவனத்தின் பெயர் நகலெடுப்பதற்கே பெயராகி, இன்றும் ஒளிநகல் என்ற நல்ல சொல் கடைப் பலகையில் ஏற முடியாமல் நிற்கிறது. சொல் பிந்தி வந்தால் அப்படித்தான். இந்தக் கருவி இந்தியாவுக்கு 2004-ல்தான் வந்தது. 2008 ஆகியும் இன்னும் பெரிய ஆபீஸ்களையும் ஏற்றுமதிக்காரர்களையும் தாண்டிப் போகவில்லை. நமக்கு நேரம் இருக்கிறது.

'நாவற்பேசி'க்கும் இதே பதில்தான்.

> திறன்பேசி என்ற சொல் இருக்கும்போது தனிச்சொல் எதற்கு?

திறன்பேசி நல்ல சொல், எனக்குப் பிடித்த சொல். ஆனால் அது ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். பாட்டு, படம், விளையாட்டு, வரைபடம் எல்லாம் உள்ள கருவிகள் அதில் அடங்கும். இந்தக் கருவி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கனடாவின் வாட்டர்லூ ஊரைச் சேர்ந்த ரிசர்ச் இன் மோஷன் நிறுவனம் 1999-ல் பிளாக்பெர்ரி என்ற பெயரில் முதலில் விற்றது, அஞ்சல் வாங்கவும் அனுப்பவும் தெரிந்த ஒரு பேஜர், அதாவது எழுத்துச் செய்தி வாங்கும் சின்னக் கருவி. ஒற்றை ஏஏ பேட்டரியில் ஓடியது. பேச வழியே கிடையாது. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் செல்பேசி வலைகள் நெரிசலில் திணறியபோது இந்தப் பேஜர்களில் மடல்கள் போய்க்கொண்டிருந்தன. அதைப் பார்த்துத்தான் அமெரிக்கக் கீழவை தன் உறுப்பினர்களுக்கு இந்தக் கருவியைக் கொடுத்தது. பேசும் வசதி 2002-ல் 5810 என்ற கருவியில் சேர்ந்தது. அதுவும் காதில் ஒயரை மாட்டிக்கொண்டால்தான் பேசலாம். ஆக, அஞ்சல் முதலில், பேச்சு அப்புறம். மற்ற திறன்பேசிகள் பேசியாகப் பிறந்து அஞ்சலைக் கற்றுக்கொண்டவை. இது தலைகீழ். பெயரில் 'அஞ்சல்' இருந்தே தீர வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் 'பேசி' எதற்கு என்று சென்னை நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. 1999-ல் நாம் இந்தச் சொல்லைத் தேடியிருந்தால் பேசியைச் சேர்த்திருக்க மாட்டோம். இன்று அதே கருவியைக் காதில் வைத்துத்தான் பட்டறைக்குப் போன் போடுகிறேன். எண் கேட்டால் இதன் எண்ணைத்தான் கொடுக்கிறேன். கைபேசி, அலைபேசி, தொலைபேசி, திறன்பேசி என்ற வரிசையில் நின்றால் புதிதாகக் கேட்பவருக்கும் சட்டென்று புரியும். 'கருவி' என்று முடித்தால் அது ஆலையில் இருப்பதா ஆஸ்பத்திரியில் இருப்பதா என்று விளக்க வேண்டியிருக்கும்.

'கையடக்க மின்னஞ்சல் கருவி' பொருளில் குறையில்லாதது. யாழ்ப்பாணத்து நண்பர் தந்தது. அங்கே கையடக்கத் தொலைபேசி என்று புழங்குவதால் அவருக்கு அது இயல்பாக வந்திருக்கும். ஆனால் அது விளக்கம், பெயர் ஆகாது. கணிப்பொறி கணினி ஆனதை நாமே பார்த்தோம். செல்லிடப்பேசியை எழுத்தில் பார்த்திருக்கிறோம், யார் வாயிலாவது கேட்டிருக்கிறோமா? நீளமான சொல்லை மக்கள் மறுப்பதில்லை, விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அஞ்சல்பேசியில் ஆறே எழுத்து, மின்னஞ்சலிலும் ஆறுதான்.

மின்மடற்பேசிக்கும் என் சொல்லுக்கும் பொருளில் பெரிய தூரமில்லை. ஆனால் மடல் என்றால் எழுதின ஒரு கடிதம். அஞ்சல் என்றால் அதைக் கொண்டுவந்து சேர்க்கும் ஏற்பாடும் சேர்ந்தது. இந்தக் கருவியின் உயிர் கொண்டுவந்து சேர்ப்பதில்தான் இருக்கிறது. 'மின்'னும் வேண்டாம். பேசியில் வரும் அஞ்சல் மின்னஞ்சலாகத்தானே இருக்க முடியும்.

இலக்கணம் பற்றிப் புலவர் ஐயா எழுதியிருந்தது:

> அஞ்சல்+பேசி என்றால் அஞ்சற்பேசி என்றல்லவா வரும்? லகரம் றகரமாகத் திரிய வேண்டுமே.

ஐயா சொல்வது நன்னூல் விதிப்படி சரி. 'லள வேற்றுமையில் றடவும்' என்ற விதி எனக்கும் தெரியும். கடற்கரை, பாற்குடம் எல்லாம் அப்படித்தான். ஆனால் அஞ்சல் என்ற சொல்லோடு சேரும் சொற்களைத் தமிழ்நாடு ஏற்கெனவே இயல்பாகவே எழுதிப் பழகிவிட்டது. அஞ்சல்தலையை விதிப்படி எழுதினால் அஞ்சற்றலை. தலை எங்கே என்று தேட வேண்டியிருக்கும். அஞ்சல்பெட்டியையும் இங்கே பெரும்பாலோர் அஞ்சற்பெட்டி ஆக்கவில்லை. கலைச்சொல்லில் இரண்டு உறுப்பும் பிரித்துப் பார்க்கும்படி தெரிவது பெரிய வசதி. கணினியில் தேடுகிறவருக்கும் 'அஞ்சல்' என்று தட்டினால் கிடைக்கும். அஞ்சற்பேசி என்று எழுதுபவரை நான் பிழை என்று சொல்ல மாட்டேன். அகராதிப் பதிவில் அஞ்சல்பேசியைத் தலைச்சொல்லாக வைக்கலாம் என்பதே என் வேண்டுகோள்.

அஞ்சல் என்றால் அஞ்சுதல் என்றும் பொருள் வருமே என்ற தயக்கத்தையும் ஒருவர் எழுதியிருந்தார். மின்னஞ்சல் வந்தபோதும் அது சொல்லப்பட்டிருக்கலாம். இன்று மின்னஞ்சலைப் படிக்கிற யாருக்கும் மின்னலுக்குப் பயப்படுவது நினைவுக்கு வருவதில்லை.

கருவிக்குப் பெயர் வைத்தால் மட்டும் போதாது. அஞ்சல் தானாக வந்து சேரும் அந்த முறைக்கும் சொல் வேண்டும். ஆங்கிலத்தில் புஷ் மெயில் என்கிறார்கள். 'தள்ளு அஞ்சல்' என்று ஒரு மடலில் பார்த்தேன். தள்ளு என்றதும் தள்ளுபடி ஆன மனுதான் நம் காதில் விழும்; வேண்டாமென்று ஒதுக்கிய அஞ்சல் போல இருக்கிறது. 'உந்து' நல்லது. பேருந்தில் தினமும் ஏறுகிறோம், உந்துவிசை பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. உந்து+அஞ்சல் = உந்தஞ்சல். தொடுதிரை போல வினைத்தொகை. உந்திய, உந்துகின்ற, உந்தும் அஞ்சல் என்று மூன்று காலத்துக்கும் பொருந்தும். இதற்கு எதிர்ச்சொல்லாக 'இழுவஞ்சல்' வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். நாமே போய் எடுப்பது வழக்கமான மின்னஞ்சல். அதற்குத் தனிப்பெயர் தேவைப்படும் இடம் அபூர்வம்.

நுட்பம் தெரிந்த நண்பர்கள் ஒன்று கேட்கக்கூடும். எங்களைப் போன்ற சிறு நிறுவனங்கள் சொந்தச் சேவையகம் வைப்பதில்லை. செல்பேசி நிறுவனம் தரும் இணையச் சேவை, நம் அஞ்சல் கணக்கைச் சுமார் கால் மணிக்கு ஒருமுறை போய்ப் பார்த்து, வந்ததைக் கருவிக்கு அனுப்புகிறது. இதை உந்தஞ்சல் எனலாமா? எனலாம். நடுவில் இருப்பவர் போய் எடுத்தாலும், கருவிக்கு வரும் கடைசிக் கட்டம் உந்துவதுதான். பயன்படுத்துபவர் எதையும் போய்க் கேட்பதில்லை.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தால் எப்படி இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்: "ஊரில் இல்லை, அஞ்சல்பேசியில் இருந்து எழுதுகிறேன், சுருக்கத்துக்கு மன்னிக்கவும்." "உந்தஞ்சல் வசதி உள்ள அஞ்சல்பேசிகளுக்கு அரசு நிபந்தனை." "அஞ்சல்பேசியை உறையில் போட்டால் திரை தானாக அணையும்." எனக்கு மூன்றும் நாக்கில் தடங்கலில்லாமல் வருகின்றன.

மறுப்பு இருப்பவர்கள் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். பிறகு இரண்டையும் குழுமச் சொற்பட்டியலில் சேர்த்துவிடலாம். ரோமிங் என்பதற்குச் சொல் தேடுவது இன்னும் மிச்சம் இருக்கிறது. 'அலைவு', 'சுற்றலைவு' இரண்டும் எனக்கு ஒட்டவில்லை. பில்லில் பார்க்கிற ஆளுக்கு அது வேறொருவர் வலையில் பேசியதற்கான கட்டணம் என்று தெரிய வேண்டும். 'வெளிவலை' என்று குறித்து வைத்திருக்கிறேன்: வெளிவலைக் கட்டணம், வெளிவலை அழைப்பு. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

அன்புடன்,
திருப்பூரிலிருந்து