முதல் 20 நிமிடம்

பக்கத்து வீட்டுப் பெரியவர் கார் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் 1969 ஷெவர்லே ஷெவல் எஸ்எஸ் 396 கார் இருக்கிறது. 6.5 லிட்டர் வி8. ஆலையிலிருந்து வந்தபோது 325 குதிரைசக்தி. போன குளிர்காலத்துச் சனிக்கிழமைகள் எல்லாம் எனக்கு அவருடைய கராஜில்தான் போயின. வால்வை இன்னும் உயரமாகத் தூக்கும் கேம்ஷாஃப்ட், அதற்கேற்ற அழுத்தமான இரட்டை ஸ்பிரிங், ஹாலி கார்புரேட்டர், அலுமினியம் இன்டேக், புகை வெளியேறும் ஹெடர் குழாய் என்று எல்லாம் மாற்றினோம்.

மார்ச்சில் ஸ்டார்ட் செய்தோம். செல்ஃப் அடிக்கிறோம், அடிக்கிறோம், பிடிக்கவே இல்லை. கார்புரேட்டரில் பெட்ரோலே ஏறவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஒருவழியாகப் பிடித்ததும், அந்தச் சத்தத்தைக் கேட்கிற ஆசையில் ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஐடிலிலேயே ஓடவிட்டு நின்று ரசித்தோம். அதுதான் தப்பு.

இப்போது வரும் வி8 பலவற்றில், கேம் சுழலும்போது வால்வைத் தள்ளிவிடும் லிஃப்டரின் அடியில் உருளை இருக்கும், அது கேமின் மேல் ஓடும். பழையதில் லிஃப்டரின் தட்டையான அடி, கேமின் மேட்டில் நேராக உரசும். அந்த இடத்துக்கு ஆயில் பெரும்பாலும் பிஸ்டன்கள் சுற்றிவிடும் கிராங்க் சுழலும் வேகத்தில் தெறித்துத்தான் வரவேண்டும். ஐடிலில் அது போதாது. அதனால் புதுக் கேம் போட்டால், பிடித்த உடனே 2,000 ஆர்பிஎம்முக்கு ஏற்றி, 20 நிமிடமாவது இறக்காமல் ஓட்ட வேண்டும். ஆயிலில் ஜிங்க்கும் கூடுதலாக இருக்க வேண்டும். இந்தக் காலத்துக் கார் ஆயிலில், கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கெடக்கூடாது என்று அதைக் குறைத்துவிட்டார்கள். நாங்கள் ஊற்றியது என் வீட்டுக் காருக்கு ஊற்றும் அதே ஆயில்.

இரண்டு வாரத்தில் டிக் டிக் என்று சத்தம். பெரியவர் ஆயில் ஃபில்டரை வெட்டி, உள்ளே மடிந்திருந்த தாளை விரித்து விளக்கடியில் பிடித்தார். ஜிகினா தூவினாற்போல் மின்னியது. கேமை உருவிப் பார்த்தால் ஒரு மேடு தேய்ந்து வட்டமாகவே ஆகியிருந்தது. அதன் லிஃப்டர் அடி குழிந்து கிடந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை, விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். இரும்புத்தூள் எங்கெல்லாம் போயிருக்கும் என்று சொல்ல முடியாதே. எஞ்சின் முழுவதையும் பிரித்துக் கழுவி மாட்ட இரண்டு மாதம் ஆனது.

இரண்டாம் முறை அவசரப்படவில்லை. தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, அந்தத் துளையில் தண்டு விட்டு, டிரில்லால் ஆயில் பம்ப்பைச் சுற்றி, வால்வை அழுத்தும் எல்லா ராக்கரிலும் ஆயில் வழிகிறவரை விடவில்லை. உள் ஸ்பிரிங்குகளைத் தற்காலிகமாகக் கழற்றி அழுத்தத்தைக் குறைத்தோம். கார்புரேட்டரில் முன்னதாகவே பெட்ரோல் ஊற்றினோம். தொட்டதும் பிடித்தது. ஹெடரின் புதுப் பெயின்ட் புகைய, 20 நிமிடமும் அவர் கண் ஆயில் பிரஷர் முள்ளைவிட்டு நகரவில்லை.

ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை, பழைய கார்கள் அணிவகுக்கும் உட்வர்ட் டிரீம் க்ரூஸுக்கு அதிலேயே போனோம். சிக்னலில் நின்றால் கார் மொத்தமும் குலுங்கும். அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

— ராயல் ஓக், மிச்சிகன்

அண்ணா, இந்தக் கேம் பயத்தில்தான் நான் வேறு வழியில் போனேன். என் 1971 ஷெவர்லே நோவா காருக்கு, அடிபட்ட சில்வராடோ பிக்கப்பில் இருந்து 5.3 லிட்டர் எஞ்சினை எடுத்துப் போட்டேன். லிஃப்டரில் உருளை உண்டு. 20 நிமிடக் கதையே இல்லை. ஆனால் பெட்ரோல் பக்கம் மாட்டிக்கொண்டேன். பழைய கார்புரேட்டருக்குப் பெட்ரோல் 6 பிஎஸ்ஐ அழுத்தத்தில் வந்தால் போதும், இதற்கு 58 வேண்டும். டாங்க், பம்ப், லைன் எல்லாம் புதிது. எஞ்சின் விலையை அதுவே தாண்டிவிட்டது. மலிவு என்று இதில் இறங்குகிறவர்கள் டாங்கிலிருந்து கணக்குப் போடுங்கள்.

— ஸ்கார்பரோ