லைப்ரரிக்குள் இருக்கும் பிறருடைய கோட்: லைசன்ஸை எங்கே, எப்படி எழுதுவது?

வெள்ளவத்தை_நிரல்

அண்ணாமார், அக்காமார், வணக்கம். ஆட்பெயர்களைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றுக்கும் இடையே எழுத்துப்பெயர்க்கும் லைப்ரரி (மற்ற நிரல்களில் சேர்த்துப் பயன்படுத்தும் கோட் தொகுப்பு) ஒன்றை எம்ஐடி லைசன்ஸில் (யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் விடும் அனுமதி) வெளியிட்டிருக்கிறோம். ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளுக்கான என்பிஎம், பைதன் பொதிகளுக்கான பைபிஐ ஆகிய இரண்டு தளங்களிலும் இருக்கிறது. கொழும்பில் ஒரு நிறுவனம் அதைத் தங்கள் மென்பொருளில் சேர்க்கப் போகிறது. உள்ளே வேறு யாருடைய கோட் இருக்கிறது, எந்த லைசன்ஸில் என்று எழுத்தில் கேட்கிறார்கள்.

வேறொரு எம்ஐடி ப்ரொஜெக்ட்டில் இருந்து கொப்பி பண்ணித் திருத்திய ஒரு ஃபைல், அப்பாச்சி 2.0 என்ற இன்னொரு லைசன்ஸில் உள்ள கோட் கொஞ்சம், யூனிகோட் சிஎல்டிஆர் (மொழிவாரியான தகவல் தொகுப்பு) தரவு, ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி-பதில் தளத்தில் எடுத்த இருபது வரி ஃபங்ஷன், டெமோ பக்கத்துக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு. இவை தவிர 11 டிபென்டன்சிகள் (எங்கள் லைப்ரரி இயங்கத் தேவையான பிறருடைய பொதிகள்). இப்போது ரீட்மீ என்ற அறிமுக ஃபைலின் அடியில் "இவற்றுக்கு நன்றி" என்று ஒரு வரி மட்டும்தான் இருக்கிறது. போதுமா?

பொதிகட்டி

போதாது தம்பி. நன்றி சொல்வது வேறு, லைசன்ஸ் கேட்கும் நிபந்தனையை நிறைவேற்றுவது வேறு. எம்ஐடி கேட்பது ஒன்றுதான்: பதிப்புரிமை வரியும் அனுமதி வாசகமும் ஒவ்வொரு பிரதியிலும் இருக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பொதுவான எம்ஐடி வாசகத்தை ஒட்டிவிட்டு, மூல ஆசிரியரின் பெயரும் ஆண்டும் உள்ள வரியை விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. அந்த வரி இல்லாவிட்டால் மிச்சம் முழுவதும் இருந்தும் பயனில்லை.

முதலில் பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். நீங்கள் வெளியிடும் பொதிக்குள்ளேயே போவது ஒன்று. பயனர் நிறுவும்போது தனியாக இறங்குவது மற்றது. அந்த 11 டிபென்டன்சிகளும் தங்கள் லைசன்ஸைத் தாங்களே கொண்டு வரும். அவற்றுக்குப் பெயர், பதிப்பு, எஸ்பிடிஎக்ஸ் குறியீடு (லைசன்ஸ்களுக்கான பொதுச் சுருக்கப் பெயர்) மூன்றும் போட்ட ஒரு அட்டவணை போதும். ஆனால் பில்ட் பண்ணும்போது (வெளியிடும் பொதியை உருவாக்கும்போது) அவற்றை ஒரே ஃபைலாகச் சேர்த்துக் கட்டுகிறீர்கள் என்றால் அவையும் முதல் வகைதான், முழு வாசகமும் வேண்டும்.

முதல் வகைக்கு, மூன்றாம் தரப்புக் கோட்டின் லைசன்ஸ்களுக்கென்று ஒரு தனி ஃபைல் வையுங்கள். ஒரு பதிவு இப்படி இருந்தால் சட்டப் பிரிவு திரும்பக் கேள்வி கேட்காது:

கூறு: யூனிகோட் சிஎல்டிஆர், பதிப்பு 46
இடம்: டேட்டா ஃபோல்டரில் சிஎல்டிஆர்
லைசன்ஸ்: யூனிகோட்-3.0
மாற்றம்: தமிழ், சிங்களம், ஆங்கிலம் தவிர்ந்த மொழிகள் நீக்கப்பட்டன
கீழே முழு வாசகம், பதிப்புரிமை வரியோடு.

பதிப்பு எண்ணை விடாதீர்கள். சிஎல்டிஆரின் பழைய வெளியீடுகள் யூனிகோட்-டிஎஃப்எஸ்-2016 என்ற வேறு லைசன்ஸில் வந்தவை. இன்றைய இணையப் பக்கத்தில் இருப்பதை அல்ல, நீங்கள் எடுத்த பதிப்போடு வந்த வாசகத்தைத்தான் வைக்க வேண்டும்.

அப்பாச்சி 2.0வுக்கு வேலை கூட. லைசன்ஸ் வாசகம் வேண்டும். திருத்திய ஒவ்வொரு ஃபைலிலும் "திருத்தப்பட்டது" என்று தெளிவாகத் தெரிய வேண்டும். மூலத்தில் நோட்டீஸ் என்ற பெயரில் அறிவிப்பு ஃபைல் இருந்தால் உங்களுக்குப் பொருந்தும் வரிகளையும் கொண்டுபோக வேண்டும். பலரும் தவறவிடுவது இந்தக் கடைசி ஒன்றைத்தான்.

கொமிட்_அக்கா

ரெப்போவில் (மூலக் கோட் வைத்திருக்கும் இடத்தில்) எல்லாம் சரியாக இருந்தும் பொதியில் காணாமல் போவதுதான் பெரிய தொல்லை. என்பிஎம்மில் லைசன்ஸ் என்ற பெயருள்ள ஃபைல் தானாகவே பொதிக்குள் போகும். பேக்கேஜ் ஜேசனில் (பொதியின் விவர ஃபைலில்) ஃபைல்ஸ் பட்டியல் வைத்திருந்தால், மூன்றாம் தரப்பு ஃபைலை அதில் நீங்களேதான் சேர்க்க வேண்டும். பைதனில் பொதி கட்டும் கருவியான செட்அப்டூல்ஸ், லைசன்ஸ், கொப்பியிங், நோட்டீஸ், ஓதர்ஸ் என்று தொடங்கும் பெயர்களை மட்டுமே தானாக எடுக்கும். "தேர்ட் பார்ட்டி" என்று தொடங்கினால் விடுபட்டுவிடும். பைதன் பொதியின் விவர ஃபைலான பைப்ரொஜெக்ட்டில் லைசன்ஸ்-ஃபைல்ஸ் வரியில் பெயரை எழுதுங்கள்.

மினிஃபை செய்யும்போது (கோட்டைச் சுருக்கும்போது) சாதாரண கொமன்ட்கள் (கோட்டுக்குள் எழுதும் குறிப்புகள்) அழியும். சுருக்கும் கருவியான டெர்சர் வழக்கமாக விட்டுவைப்பது ஆச்சரியக்குறியோடு தொடங்கும் கொமன்ட்களையும் அட்-லைசன்ஸ் போன்ற குறிகள் உள்ளவற்றையும்தான். கோட்டை ஒன்றாகக் கட்டும் வெப்பேக் அவற்றைப் பிரித்து லைசன்ஸ் டெக்ஸ்ட் என்று முடியும் தனி ஃபைலில் போடும். ஃபைல்ஸ் பட்டியலில் ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல்களை மட்டும் அனுமதித்திருந்தால் அது வெளியே போகவே போகாது.

ஆகவே வெளியிட முன் பொதியைக் கட்டி, விரித்துப் பாருங்கள். என்பிஎம் பேக் கட்டளை தரும் டிஜிஇசட் ஃபைலையும், பைதன் பொதியான வீல் ஃபைலின் டிஸ்ட்-இன்ஃபோ ஃபோல்டரையும் கண்ணால் பார்க்க வேண்டும். லைசன்ஸ் செக்கர் மாதிரியான கருவிகள் பெரும்பாலும் டிபென்டன்சிகளைத்தான் பார்க்கும், கையால் கொப்பி பண்ணிய ஃபைல் அவற்றுக்குத் தெரியாது. அதற்கு, கோட் ஃபைல்களிலேயே லைசன்ஸ் தேடும் ஸ்கேன்கோட் கருவியை ஓட்டுங்கள்.

பொதியின் மெட்டாடேட்டாவில் (விவரக் குறிப்பில்) "எம்ஐடி" என்று மட்டும் போடுவதும் இனிச் சரிவராது. எம்ஐடி, அப்பாச்சி-2.0, யூனிகோட்-3.0 மூன்றையும் "ஆண்ட்" போட்டு இணையுங்கள். "ஓர்" போட்டால் பயனர் விரும்பியதைத் தெரிவு செய்யலாம் என்று பொருளாகிவிடும்.

மூலக்குறி

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ ஃபங்ஷனைக் கவனியுங்கள். 2018 மே 2 முதல் அங்கே இடப்பட்டவை சிசி பிஒய்-எஸ்ஏ 4.0 என்ற கிரியேட்டிவ் கொமன்ஸ் லைசன்ஸில் உள்ளவை. பெயர் குறிப்பிட்டால் மட்டும் போதாது, திருத்திப் பகிர்வதும் அதே லைசன்ஸில் இருக்க வேண்டும். எம்ஐடி என்று நீங்கள் அறிவித்ததோடு இது ஒத்துவராது. இருபது வரிதானே, டெஸ்ட்களை வைத்துக்கொண்டு, பழைய கோட்டைப் பார்க்காமல் புதிதாக எழுதிவிடுங்கள்.

எழுத்துரு, ஓஎஃப்எல் 1.1 என்ற எழுத்துருக்களுக்கான திறந்த லைசன்ஸில் உள்ளது. டெமோ பக்கத்தில் மட்டும் இருந்தால் பொதியில் இருந்து நீக்கிவிடலாம், ஆனால் அந்தப் பக்கத்தின் ரெப்போவில் லைசன்ஸ் இருக்க வேண்டும். எழுத்துகளைக் குறைத்துச் சிறிதாக்குகிறீர்கள் என்றால், பதிப்புரிமை வரியில் ஒதுக்கப்பட்ட எழுத்துருப் பெயர் ஏதும் அறிவித்திருக்கிறார்களா என்று பாருங்கள்; அறிவித்திருந்தால் திருத்திய எழுத்துருவுக்கு அந்தப் பெயரை வைக்க முடியாது.

லைசன்ஸே போடாத ரெப்போவில் இருந்து எதுவும் எடுத்திருந்தால் அதையும் நீக்குங்கள். இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் காக்கிறது. எழுதாத அனுமதியை இருப்பதாக எடுத்துக்கொள்ள வழியில்லை.

வெள்ளவத்தை_நிரல்

மிக்க நன்றி. ஃபங்ஷனை இன்றே மாற்றி எழுதுகிறேன். ஏற்கெனவே வெளியான 1.4.2ஐ அதே எண்ணில் திருத்தி ஏற்றலாமா?

கொமிட்_அக்கா

முடியாது, இரண்டு தளங்களும் அதே எண்ணை மறுபடி ஏற்க விடாது. 1.4.3 வெளியிடுங்கள். பழையதை என்பிஎம்மில் டிப்ரிகேட் செய்து (பயன்படுத்த வேண்டாம் என்று குறித்து), காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். பைபிஐயில் யாங்க் செய்தாலும் (திரும்பப் பெற்றதாகக் குறித்தாலும்), சரியாக அந்த எண்ணைக் குறிப்பிட்டு நிறுவுபவர்களுக்கு அது கிடைத்துக்கொண்டே இருக்கும். அதனால் அந்த நிறுவனத்திடம் 1.4.3ஐயே பயன்படுத்தச் சொல்லி, விரித்துப் பார்த்த ஃபைல் பட்டியலையும் சேர்த்து அனுப்புங்கள்.