எங்கள் வீட்டு வைஃபையை மட்டும் காணாத புது மடிக்கணினி

வட்டக்கச்சியிலிருந்து ஓர் ஆசிரியை:

சென்ற மாரி தொடங்குவதற்குச் சற்று முன், ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கை, ஊருக்கு வந்த உறவினர் ஒருவரின் கையில் எனக்கொரு புது மடிக்கணினியைக் கொடுத்துவிட்டாள். பாடக்குறிப்புகளைத் தட்டச்சுச் செய்வதற்கும், இரவு ஏழு மணிக்குப் பின் சூமில் நடத்தும் மீட்டல் வகுப்புக்கும் அதுவரை போனையே நம்பியிருந்த எனக்கு அது பெரிய உதவி. பெட்டியைப் பிரித்து, அது கேட்ட கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்லி, வைஃபைப் பெயர்களின் பட்டியலைத் திறந்தேன். பக்கத்து வளவு வீட்டின் றவுட்டர் இருந்தது, என் கணவரின் போனிலிருந்து வரும் ஹொட்ஸ்பொட் இருந்தது. விறாந்தையில் எனக்கு ஐந்தடி தள்ளிப் பச்சை விளக்கோடு எரிந்துகொண்டிருந்த எங்கள் சொந்த றவுட்டரின் பெயர் மட்டும் இல்லை.

எப்படி யோசித்தாலும் கணக்குப் பொருந்தவில்லை. மகளின் போன் அந்த நிமிடமும் அதே றவுட்டரில் ஓடிக்கொண்டிருந்ததால் றவுட்டர் பழுது என்று சொல்ல முடியாது; அயல்வீட்டு வைஃபை தெரிந்ததால் மடிக்கணினி பழுது என்றும் சொல்ல முடியாது. மூன்றாம் நாள் காலையில், நான் எதையுமே செய்யாமல், எங்கள் பெயர் பட்டியலில் தானாக வந்து நின்றது. ஒன்பது நாள் ஒழுங்காக வேலை செய்துவிட்டு, மழையோடு மின்சாரம் போய்வந்த ஓர் இரவில் மறுபடி மறைந்தது.

அதற்குப் பிறகு நான் பார்க்காத வைத்தியம் இல்லை. விமானப் பயன்முறைப் பொத்தானை அழுத்தி அழுத்தி எடுத்தேன். விண்டோஸில் கணினியின் கருவிகளைப் பட்டியலிட்டுக் காட்டும் டிவைஸ் மனேஜரில், வைஃபையைப் பிடிக்கும் உட்பாகமான வைஃபை அட்டையை நீக்கி, மடிக்கணினியை மறுபடி இயக்கி, அதைத் தானாக வரச் செய்தேன். போனின் ஹொட்ஸ்பொட்டில் இணைத்துப் அந்த அட்டையை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் புதிதாக இறக்கினேன், அதில் ஒன்றரை ஜிபி டேட்டா போனதுதான் மிச்சம். கடைசியில் நகரத்துக் கடையொன்றுக்குக் கொண்டுபோக, அங்கே விண்டோஸை முழுவதும் அழித்துப் புதிதாகப் போட்டு 3,000 ரூபாய் வாங்கினார்கள். கடையின் வைஃபையில் அது உடனே இணைந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தால் பழைய கதைதான். கடைக்காரரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை, அவர் கண் முன்னே அது வேலை செய்ததல்லவா.

வழி காட்டியவர், உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவில் படிக்கும் அயல்வீட்டுத் தம்பி. நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, “ரீச்சர், ஒவ்வொரு தரமும் கரண்ட் போய் வந்தாப் பிறகுதானே இது மாறுது?” என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை வெட்கமாக இருக்கிறது. அவர் தன் போனில் ஒரு செயலியைத் திறந்து காட்டினார். சுற்றியுள்ள ஒவ்வொரு றவுட்டரும் ஒரு சிறு மலை போல அதில் தெரிந்தது. அயல் மலைகள் 1, 6 என்ற எண்களுக்கு மேல் நிற்க, எங்கள் மலை மட்டும் வலது ஓரத்தில் 13 இல் தனியே நின்றது.

விடயம் இதுதான். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை எண்ணிட்ட சனல்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. எங்கள் றவுட்டர் 1 முதல் 13 வரையான சனல்களில் எதையும் எடுக்கும். வட அமெரிக்கச் சந்தைக்கென்று தயாரிக்கப்படும் கருவிகளோ வழக்கமாக 11 உடன் நின்றுவிடும். றவுட்டர் தானியங்கித் தெரிவில் இருந்தால், மின்சாரம் போய்வந்து மறுபடி எழும்பும்போது சுற்றுமுற்றும் பார்த்து, எந்தச் சனலில் சந்தடி குறைவோ அதில் போய் உட்காரும். 13 இல் உட்கார்ந்த நாட்களில், கனடாவில் வாங்கிய மடிக்கணினிக்கு அது இல்லாத வீடு. 11 அல்லது அதற்குக் கீழே உட்கார்ந்த நாட்களில் எல்லாம் சரி. விண்டோஸில் நாட்டின் பெயரை இலங்கை என்று மாற்றியும் பார்த்தோம், பயனில்லை. இந்தக் கட்டுப்பாடு விண்டோஸில் அல்ல, அட்டைக்குள்ளேயே பொறிக்கப்பட்டிருக்கிறது.

பிறகு செய்தது ஐந்து நிமிட வேலை. மகளின் போனில் உலாவியைத் திறந்து, றவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த தாளில் கண்ட முகவரியையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்ளே போய், தானியங்கி என்றிருந்த சனலை 11 என்று நிலையாக வைத்தோம். சனல்கள் ஐந்து ஐந்து மெகாஹெர்ட்ஸ் தள்ளியிருந்தாலும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் பிடிப்பதால், 11 வரையான சனல்களில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்க வழக்கமாக எடுப்பவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான். அயலில் 1 உம் 6 உம் பிடிபட்டிருந்ததால் எங்களுக்கு 11. அதற்குப் பிறகு மின்சாரம் எத்தனையோ தடவை போய்வந்துவிட்டது, பெயர் ஒரு நாளும் மறையவில்லை. வெளிநாட்டிலிருந்து மடிக்கணினி வராத வீடு இந்தப் பக்கத்தில் குறைவு என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

முள்ளியவளையிலிருந்து ஓர் அரச உத்தியோகத்தர்:

ரீச்சரின் கதையில் மின்சாரம் வந்த பிறகு கோளாறு. என்னுடையதில் மின்சாரம் போன உடனேயே கோளாறு. எங்கள் றவுட்டரை ஒரு சிறிய 12 வோல்ட் பற்றரியில் இணைத்திருப்பதால், மின்வெட்டிலும் அது நிற்பதில்லை. அப்படியிருந்தும், புது மடிக்கணினியில் இணையவழிக் கூட்டம் நடக்கும்போது மின்சாரம் போனால், சில நிமிடங்களில் மறுமுனையில் பேசுபவரின் குரல் துண்டு துண்டாக வரத் தொடங்கிவிடும். மின்வெட்டில், சிம் போட்ட எங்கள் றவுட்டருக்கு இணையம் தரும் போன் டவரும் பலம் குறைந்துவிடுகிறது என்று நானே எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு ஒரு மாதத்தை ஓட்டிவிட்டேன்.

ஒருநாள் பட்டப்பகலில், மின்சாரம் இருக்கும்போதே, சார்ஜரைக் கழற்றிக்கொண்டு மாமர நிழலுக்குப் போனபோதும் அதே துண்டு துண்டுக் குரல் கேட்டது. அப்போதுதான் டவர் மீதிருந்த சந்தேகம் மடிக்கணினியின் பக்கம் திரும்பியது. மரத்தடியில் சிக்னல் குறைவோ என்று பார்க்க, சார்ஜரை நீட்டுக் கம்பியில் அங்கேயே கொண்டுபோய்ச் செருகினேன், குரல் தெளிந்தது. பற்றரியில் ஓடும்போது மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக வைஃபை அட்டையை இடையிடையே உறங்கவிடும் ஓர் ஏற்பாடு விண்டோஸில் இருக்கிறது. டிவைஸ் மனேஜரில் அந்த அட்டையின் பண்புகளைத் திறந்து, மின்சக்தி முகாமை என்ற ஏட்டில், சக்தியைச் சேமிப்பதற்காக இந்தக் கருவியை நிறுத்தலாம் என்ற வரிக்கு முன்னுள்ள அடையாளத்தை எடுத்துவிட்டேன். அந்த ஏடு எல்லா மடிக்கணினியிலும் தெரிவதில்லை. தெரியாதவர்கள் மின்சக்தித் திட்டத்தின் மேலதிக அமைப்புகளுக்குள் வயர்லெஸ் அட்டைக்கென்று ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்து, அதை அதிகூடிய செயற்றிறனுக்கு மாற்றலாம். பற்றரி முன்னரைவிடச் சற்று விரைவாக இறங்குகிறது. கூட்டத்தில் என் குரல் முழுதாகக் கேட்டால் போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குசினிக்கும் முன்னறைக்கும் இடையில், மீள்குடியேறிய காலத்துத் தற்காலிகக் கொட்டிலின் தகரங்களையே தடுப்பாக அடித்து வைத்திருக்கிறோம். தகரத்தை வைஃபை அலை ஊடுருவாது, பட்டுத் திரும்பிவிடும். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளுக்கும் றவுட்டரில் ஒரே பெயர் இருந்ததால், மடிக்கணினி 5 ஐயே பிடித்துக்கொண்டு தகரத்துக்குப் பின்னால் திணறியது. இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் வைத்து, குசினி மேசையில் 2.4 ஐப் பாவிக்கிறோம். அது வாசலையும் இடுக்குகளையும் சுற்றி வருவதில் மற்றதைவிடக் கெட்டிக்காரன்.

வவுனியாவிலிருந்து ஒரு பல்கலைக்கழக மாணவி:

என்னுடையது நானே தேடிக்கொண்ட தொல்லை. புது மடிக்கணினியில் வேண்டாத மென்பொருள்கள் நிறைய இருக்கின்றன என்று, வாங்கிய மறுநாளே எல்லாவற்றையும் அழித்து, பென் டிரைவிலிருந்து விண்டோஸ் 11 ஐப் புதிதாகப் போட்டேன். பாதி வழியில் இணையத்தோடு இணைக்குமாறு கேட்ட பக்கத்தில் ஒரு பெயரும் வரவில்லை, அடுத்த பக்கத்துக்குப் போகும் பொத்தானும் வேலை செய்யவில்லை. அந்த அட்டைக்குரிய டிரைவர் பென் டிரைவில் இல்லை. டிரைவரை எடுக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு டிரைவர் வேண்டும். விண்டோஸ் 11 இன் வீட்டுப் பதிப்பு இணையமில்லாமல் அந்தப் பக்கத்தைத் தாண்டவிடுவதில்லை.

அண்ணா தொலைபேசியில் சொன்னது ஒரே வசனம்: “உன்ர போனை சார்ஜ் வயரால குத்து.” அன்ட்ரொயிட் போனை யூஎஸ்பி கம்பியால் செருகி, போனின் ஹொட்ஸ்பொட் அமைப்புகளுக்குள் போனின் இணையத்தைக் கம்பி வழியே பகிரும் யூஎஸ்பி டெதரிங் என்பதைத் திறந்தவுடன், மடிக்கணினி அதைக் கம்பி இணைப்பாக எடுத்துக்கொண்டது. அதற்குத் தனி டிரைவர் தேவைப்படவில்லை. கம்பி மட்டும் டேட்டா கடத்தக்கூடியதாக இருக்க வேண்டும்; என்னிடமிருந்த முதல் கம்பி சார்ஜ் மட்டுமே ஏற்றியது.

பிறகும் ஒரு வில்லங்கம். டேட்டாவை மிச்சம் பிடிக்க அந்த இணைப்பை அளவிட்ட இணைப்பு என்று குறித்து வைத்திருந்தேன். அப்படிக் குறித்தால் விண்டோஸ் டிரைவர்களைத் தானாக இறக்காது என்பது தெரியாமல், ஒரு பின்னேரம் முழுவதும் காத்திருந்தேன். குறியை எடுத்துவிட்ட சிறிது நேரத்தில் வைஃபை வந்துவிட்டது.

மாங்குளத்திலிருந்து கணினி திருத்துபவர் ஒருவர்:

மேலே உள்ள மூன்று பேரும் வெவ்வேறு பாதையால் போய் ஒரே இடத்துக்குத்தான் வந்திருக்கிறார்கள், ஆனால் முதல் இருவரும் தொடக்கத்தில் பிழையான பக்கத்தையே சந்தேகித்தார்கள். நமது வீடுகளில் இணையம் இரண்டு தாவலாக வருகிறது. டவரிலிருந்து றவுட்டருக்கு ஒன்று, றவுட்டரிலிருந்து மடிக்கணினிக்கு மற்றொன்று. திரையின் மூலையில் தெரியும் வைஃபைக் கோடுகள் இரண்டாவது தாவலைப் பற்றி மட்டுமே பேசும். துணுக்காயிலிருந்து ஒரு ஐயா புது மடிக்கணினியைச் சேலைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். வைஃபைக் கோடு நிறைய இருக்கிறது, ஒரு பக்கமும் திறக்கவில்லை என்றார். கடையில் உடனே திறந்தது. வீட்டிலிருந்த அவருடைய மகனுக்குத் தொலைபேசி எடுத்து றவுட்டரின் சிம்மைப் பார்க்கச் சொன்னேன். டேட்டா முடிந்து நான்கு நாளாகியிருந்தது. டேட்டா முடிந்தாலும் றவுட்டர் வைஃபையை வழக்கம்போல வீசிக்கொண்டுதான் இருக்கும்.

ஆகவே எதையும் அழிக்க முன்னர் மூன்று தரம் பிங் செய்து, அதாவது ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பிப் பதில் வர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். ஆரம்பப் பட்டியில் சிஎம்டி (cmd) என்று தேடினால் ஒரு கறுப்புச் சாளரம் வரும். அதில் பிங் (ping) கட்டளையோடு முதலில் உங்கள் றவுட்டரின் முகவரியைக் கொடுங்கள். சில வீடுகளில் அது 192.168.8.1, சில வீடுகளில் 192.168.1.1. பதில் ஓரிரு மில்லிசெக்கனில் ஒழுங்காக வந்தால் மடிக்கணினியும் வைஃபையும் நலம், அவற்றைத் தொட வேண்டாம். அடுத்து, வெளி இணையத்தில் இருக்கும் கூகுளின் முகவரியான 8.8.8.8 ஐக் கொடுங்கள். அங்கே பதில் வராவிட்டால், அநேகமாகச் சிம்மிலோ டவரிலோதான் குறை. அதற்கும் பதில் வந்து, இணையத்தளம் ஒன்றின் பெயரைக் கொடுக்கும்போது மட்டும் தடுமாறினால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் கோளாறு. வைஃபை அமைப்பில் 8.8.8.8 ஐயோ 1.1.1.1 ஐயோ கையால் எழுதிவிட்டால் பெரும்பாலும் தீரும். முதலாவது பிங்கே தவறி, மடிக்கணினியின் சொந்த முகவரி 169.254 என்று தொடங்கினால், றவுட்டர் அதற்கு முகவரி வழங்கவில்லை என்று பொருள். றவுட்டரை நிறுத்தி இயக்குங்கள்.

வைஃபைக் கோளாறு என்று வந்து, கடைசியில் ஹார்ட் டிஸ்க்கில் முடிந்த கதையொன்றும் உண்டு. ஒரு மாணவர் விரிவுரைக் காணொளிகளை வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி செய்யும்போது மட்டும் வைஃபை தவழ்கிறது, வயரில்லாத மவுசும் திக்குகிறது என்றார். யூஎஸ்பி 3.0 செருகிகளும் கம்பிகளும் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இரைச்சலை எழுப்பும். இன்டெல் நிறுவனமே 2012 இல் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டிருக்கிறது. மவுசின் சிறு செருகியை மறுபக்கத்துக்கு மாற்றி, டிஸ்க்கை ஒரு முழம் தள்ளி வைத்து, வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோனோம். திருத்துக்கூலி வாங்க மனம் வரவில்லை, தேநீர் வாங்கித் தந்தார்.

வட்டக்கச்சி ஆசிரியை மீண்டும்:

மாங்குளத்து அண்ணை சொன்னபடி நேற்றிரவு வகுப்புக்கு முன் பிங் செய்து பார்த்தேன். றவுட்டருக்கு 2 மில்லிசெக்கனில் பதில் வந்தது, 8.8.8.8 க்கு 90, 300, 1,100 என்று ஏறி, நான்காவது பதில் வரவேயில்லை. காலையில் அதே இடத்திலிருந்து பார்க்கும்போது எல்லாமே 50 க்குள் நின்றன. வகுப்பில் பிள்ளைகள் “ரீச்சர், குரல் விட்டுவிட்டு வருது” என்று சொல்லும்போதெல்லாம் நான் மடிக்கணினியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். இரவு ஏழு மணிக்கு ஊர் முழுவதும் ஒரே டவரில் தொங்கும் என்பதை மறந்துவிட்டேன். றவுட்டரை விறாந்தைச் சுவரிலிருந்து கழற்றி, டவர் நிற்கும் பக்கத்து யன்னலடியில் வைத்திருக்கிறேன். அதன் சிக்னல் விளக்கு இரண்டு கோட்டிலிருந்து மூன்றாகியிருக்கிறது. வகுப்பை அதிகாலை ஐந்தரைக்கு மாற்றலாமா என்று பெற்றோரிடம் கேட்டிருக்கிறேன், இதுவரை இரண்டு பேர்தான் சம்மதித்திருக்கிறார்கள்.