அரசுப் பணத்தில் ஆளுங்கட்சிக்கு விளம்பரம்: கலைச்சொல் என்ன?

வணக்கம்.

ஆட்சியியல் சொற்பட்டியலில் ஓர் இடம் இன்னும் காலி. செலவு அரசுடையது, ஆதாயம் ஆளுங்கட்சிக்கு. இப்படி வரும் விளம்பரத்துக்குச் சொல் வேண்டும். ‘வரிப்பண விளம்பரம்’ என்றால் போலியோ சொட்டு மருந்து அறிவிப்பும் உள்ளே வந்துவிடும். ‘ஆளுங்கட்சி விளம்பரம்’ என்றால் கட்சி தன் சொந்த நிதியில் கொடுப்பதும் சேர்ந்துவிடும். ‘விளம்பர முறைகேடு’ என்று வைக்கலாமா? சுருக்கமானது, நாளேட்டுத் தலைப்பிலும் நிற்கும்.

— த.


> ‘விளம்பர முறைகேடு’ என்று வைக்கலாமா?

ஐயா, உடன்பாடில்லை. முறைகேடு என்றால் விதிமீறல். இங்கே பெரும்பகுதி விதிக்கு உட்பட்டே நடக்கிறது, சிக்கலே அதுதான். 2005-இல் ஆஸ்திரேலியாவின் ஹோவர்ட் அரசு, தொழிலாளர் சட்டத் திருத்த மசோதா நாடாளுமன்றத்துக்கு வருமுன்பே அதற்கு விளம்பரம் செய்யத் தொடங்கியது. எதிர்த்து வழக்குப் போட்டவர்கள் உயர் நீதிமன்றத்தில் (அங்கே அதுதான் உச்ச நீதிமன்றம்) 5-க்கு 2 என்று தோற்றார்கள். நிதி ஒதுக்கீட்டு வாசகம் அவ்வளவு பொதுப்படையாக இருந்தது. ‘முறைகேடு’ என்று பெயர் வைத்தால் இந்த வழக்கு நம் வரையறைக்கு வெளியே போய்விடும்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2004-இல் கொண்டுவந்த சட்டத்தின் அளவுகோல் கட்சிச்சார்பு. விளம்பரம் வெளிவருமுன் தலைமைத் தணிக்கையாளரிடம் போக வேண்டும். கட்சி நலனை வளர்ப்பது ஒரு முதன்மை நோக்கம் என்று அவருக்குப் பட்டால் மறுத்துவிடலாம். 2015-இல் இந்த அதிகாரத்தைக் குறுக்கினார்கள். அமைச்சரின் பெயர், படம், குரல், கட்சிச் சின்னம், கட்சி நிறம், எதிர்க்கட்சியைச் சுட்டித் தாக்குவது என்று சிலவற்றை மட்டும் பார்த்தால் போதும் என்றானது. ‘நம் மாகாணம் முன்னேறுகிறது’ என்று வெறும் பெருமை பேசும் விளம்பரத்தில் இவை எதுவும் இருக்காது. தணிக்கையாளர் ஒப்புதல் தந்துதான் ஆக வேண்டும். நம் வரையறையும் அடையாளங்களை எண்ணாமல் நோக்கத்தைப் பார்க்க வேண்டும். ‘கட்சிச்சார்பு அரசு விளம்பரம்’ என்பது என் பரிந்துரை.

— ந.


> கட்சிச்சார்பு அரசு விளம்பரம்

சொல் நீளம், ஆனால் பொருந்துகிறது. ‘வரிப்பண விளம்பரம்’ வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: யாராவது அதை ‘வரி விளம்பரம்’ என்று சுருக்குவார்கள், நாளேட்டு அலுவலகத்தில் அது வாடகைக்கு வீடு, மணமகள் தேவை பகுதி!

இந்திய நிலைக்கு வருகிறேன். 2015 மே 13-இல், காமன் காஸ் என்ற தன்னார்வ அமைப்பு தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் ஏற்ற நெறிமுறைப்படி, அரசு விளம்பரத்தில் ஆளுங்கட்சியின் பெயர், சின்னம், கொடி கூடாது. எதிர்க்கட்சியைத் தாக்கவும் கூடாது. பொதுத்துறை நிறுவனங்களும் உள்ளாட்சிகளும் இதற்குக் கட்டுப்பட்டவை. படத்தைப் பொறுத்தவரை குடியரசுத் தலைவர், பிரதமர், இந்தியத் தலைமை நீதிபதி ஆகிய மூவருக்கே முதலில் இடம் இருந்தது. 2016 மார்ச் 18-இல், மறுஆய்வில், ஆளுநர், முதலமைச்சர், துறை அமைச்சர் படங்களையும் அனுமதித்துவிட்டார்கள். ஆகவே படம் இருப்பதை மட்டும் வைத்துக் கட்சிச்சார்பு என்று எழுத முடியாது. அதற்குத் ‘தலைவர் முன்னிறுத்தல்’ என்று தனிப் பதிவு போடலாம். திட்டத்துக்கே தலைவர் பெயர் வைப்பதும் அங்கேதான் சேரும். ‘உங்களுடன் ஸ்டாலின்’ என்ற தமிழக அரசுத் திட்டத்தின் பெயர் விவகாரத்தில் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 31-இல் விதித்த இடைக்காலத் தடையை ஆகஸ்ட் 6-இல் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது.

பெரிய ஓட்டை காலக்கெடுவில் இருக்கிறது. தேர்தலை ஒட்டி விளம்பரத்துக்குத் தனித் தடை வேண்டும் என்று, நெறிமுறையை வகுக்க உச்ச நீதிமன்றம் அமைத்த மாதவ மேனன் குழு சொன்னதை 2015 தீர்ப்பு ஏற்கவில்லை. மிச்சம் இருப்பது தேர்தல் நடத்தை விதி. அது தேர்தல் அறிவிப்பு நாளில்தான் உயிர்பெறும். அறிவிப்புக்கு முந்தைய நாள் வரை முழுப்பக்கம் கொடுக்கத் தடையில்லை.

— வே.


> நோக்கத்தைப் பார்க்க வேண்டும்

நோக்கத்தை எப்படிக் காட்டுவது? பதிவில் சோதனையையும் சேர்ப்போம். விளம்பரத்திலுள்ள படம், பெயர், முழக்கம் மூன்றையும் அடித்துவிட்டு மிச்சத்தைப் படிக்க வேண்டும். யாருக்குத் தகுதி, எங்கே விண்ணப்பிப்பது, கடைசி நாள், தொலைபேசி எண் நின்றால் அது தகவல். ‘நான்காண்டுச் சாதனை’ மட்டும் நின்றால் சந்தேகப்படலாம்.

அடுத்தது, எங்கே வந்தது என்பது. தில்லி அரசின் விளம்பரங்கள் தில்லிக்கு வெளியே வந்ததும் அரசு விளம்பரக் கண்காணிப்புக் குழு 2016-இல் சுட்டிய மீறல்களில் ஒன்று. அதன் தொடர்ச்சியாக 2023 ஜனவரியில் ஆம் ஆத்மி கட்சிக்கு ரூ.163.62 கோடி கேட்டு நோட்டீஸ் போனது, அதில் ரூ.99.31 கோடி அசல், மீதி வட்டி.

செலவைத் தேடுவோர் செய்தி, விளம்பரத்துக்கான 2220 கணக்குத் தலைப்போடு நின்றுவிடுகிறார்கள். துறைகளும் வாரியங்களும் தத்தம் நிதியிலிருந்து கொடுக்கும் விளம்பரம் அதில் முழுதாக வராது. தகவல் உரிமை மனுவில் துறைவாரியாக வெளியீட்டு ஆணை நகல், நாளிதழ், பதிப்பு, பரப்பளவு, தொகை, தொகை எந்தத் தலைப்பில் கழிக்கப்பட்டது என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். ‘மொத்தச் செலவு எவ்வளவு’ என்று கேட்டால் ‘தொகுக்கப்படவில்லை’ என்று ஒரே வரியில் பதில் வரும்.

— க.


பட்டியலில் ஏற்றப்போகும் வடிவம் இது:

கட்சிச்சார்பு அரசு விளம்பரம்: அரசோ அரசு நிதி பெறும் அமைப்போ பொதுப்பணத்தில் வெளியிட்டு, பொதுமக்களுக்கு வேண்டிய தகவலைவிட ஆளுங்கட்சியின் ஆதரவைப் பெருக்குவதையே முதன்மையாக நோக்கும் விளம்பரம். சட்டமீறலாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒப்பிடுக: தலைவர் முன்னிறுத்தல், சாதனை விளம்பரம்.

‘கட்சிச் சார்பு’ என்று பிரித்து எழுத வேண்டாம், தேடலில் தவறும்.

— த.