லோகோ வந்ததும் நீலத் திரை மின்னி ரீஸ்டார்ட் ஆகிறது: பழைய கோர் 2 டியோ கம்ப்யூட்டர், விண்டோஸ் 7

கேள்வி:
வணக்கம். 4 ஜிபி ராம், விண்டோஸ் 7 (64 பிட்). இரண்டு மாதமாகப் பிளக்கைக் கழற்றி வைத்திருந்த மெஷின். ஆன் செய்தால் 'சிமாஸ் செக்சம் எரர்' என்று வருகிறது. எஃப்1 அழுத்தினால் தாண்டிப் போகிறது. விண்டோஸ் லோகோ வந்ததும் நீலத் திரை ஒரு நொடி மின்னிவிட்டு, மறுபடி முதலிலிருந்து. சேஃப் மோடிலும் அதே கதிதான். ஹார்ட் டிஸ்க் போய்விட்டதா? உள்ளே முக்கியமான ஃபைல்கள் இருக்கின்றன.

பதில் 1:
எம்பிஆர் (டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்கும் பூட் கோடு) கெட்டிருக்கும். விண்டோஸ் டிவிடியில் பூட் செய்து பூட்ரெக் கமாண்டால் திரும்ப எழுதிப் பாருங்கள்.

பதில் 2:
தயவுசெய்து எம்பிஆரில் கை வைக்காதீர்கள். லோகோ வருகிறதென்றால் எம்பிஆரும் பூட் மேனேஜரும் தங்கள் வேலையை முடித்துவிட்டன. எம்பிஆர் கெட்டிருந்தால் கறுப்புத் திரையிலேயே நின்றிருக்கும்.

ஆன் செய்ததும் எஃப்8-ஐத் தட்டிக்கொண்டே இருங்கள். வரும் மெனுவில், தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்தும் வரியைத் தேர்ந்தெடுத்தால் நீலத் திரை அப்படியே நிற்கும். 'ஸ்டாப்' என்பதற்குப் பக்கத்தில் இருக்கும் நீளமான எண் 7பி என்று முடிகிறதா? பயாஸில் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே உள்ள புரோகிராம்) தேதி என்ன?

கேட்டவர்:
7பி-தான். தேதி 2009 ஜனவரி 1.

பதில் 2:
7பி என்றால் விண்டோஸால் தன் டிஸ்க்கை அணுக முடியவில்லை என்று அர்த்தம். தேதியும் பழையதாகிவிட்டதால், டிஸ்க் நன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். போர்டில் உள்ள பட்டன் பேட்டரி தீர்ந்து, பயாஸ் செட்டிங் எல்லாம் டீஃபால்ட்டுக்குப் போயிருக்கிறது; 'சிமாஸ் செக்சம் எரர்' வருவதும் அதனால்தான். அந்தக் காலத்துப் போர்டுகள் பலவற்றில் சாட்டா மோடின் (போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை) டீஃபால்ட், ஐடிஇ என்ற பழைய முறை. உங்கள் விண்டோஸ் ஏஹெச்சிஐ என்ற புதிய முறையில் இன்ஸ்டால் ஆகியிருக்கும்.

விண்டோஸின் மையப் பகுதியான கர்னலை ஏற்றும் வரை டிஸ்க்கைப் படித்துக் கொடுப்பது பயாஸ். அதன்பின் விண்டோஸ் தன் சொந்த டிரைவரால் படிக்க வேண்டும். விண்டோஸ் 7, இன்ஸ்டால் செய்தபோது இருந்த மோடுக்கான டிரைவரைத்தான் பூட்டிலேயே ஏற்றும். மோடு மாறினால் டிஸ்க் அதன் கண்ணுக்கே தெரியாது. சேஃப் மோடுக்கும் அதே டிரைவர்தான், அதனால் அதுவும் உதவாது.

பயாஸில் சாட்டா மோடை ஏஹெச்சிஐ ஆக்கி, எஃப்10 அழுத்தி சேவ் செய்யுங்கள். அங்கே ரெய்ட் (பல டிஸ்க்குகளைச் சேர்த்துப் பயன்படுத்தும் முறை) என்றும் ஒன்று இருக்கலாம். அதற்கான மெனுவில் புதிய வால்யூம் எதையும் உருவாக்கிவிடாதீர்கள், டேட்டா போய்விடும்.

கேட்டவர்:
டெஸ்க்டாப் வந்துவிட்டது, மிக்க நன்றி! ஆனால் பிளக்கைக் கழற்றி மாட்டினால் மறுபடி ஐடிஇ ஆகிவிடுகிறது. மீட்டரில் பேட்டரி 2.1 வோல்ட்.

பதில் 3:
முதலில் ஃபைல்களை வேறு டிஸ்க்கில் காப்பி எடுங்கள், பேட்டரி அப்புறம். புதிதாக சிஆர்2032 வாங்குங்கள்; 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்ட வேண்டும். சிஆர்2025-உம் அதே அகலம்தான், ஆனால் தடிமன் 3.2 மிமீக்குப் பதில் 2.5 மிமீ. ஹோல்டரில் தளர்ந்து, காண்டாக்ட் விட்டுவிட்டு வரும்.

பவர் கார்டைக் கழற்றியபின் பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள், மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். ஹோல்டரின் ஓரத்தில் இருக்கும் உலோக நாக்கை நகத்தால் தள்ளினால் பேட்டரி தானே எழும்பும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் போர்டில் கீறல் விழும். பிளஸ் பக்கம் மேலே.

மாற்றியதும் செட்டிங் மறுபடி டீஃபால்ட்டில்தான் இருக்கும். தேதி, சாட்டா மோடு, பூட் வரிசை மூன்றையும் சரிசெய்து சேவ் செய்த பிறகே விண்டோஸுக்குள் போங்கள். தேதி தவறாக இருந்தால் பிரவுசரில் சர்டிஃபிகேட் எரர் வந்து பாதி தளங்கள் திறக்காது.

கேட்டவர்:
புதுப் பேட்டரி 3.2 வோல்ட். இரவு முழுக்க பிளக் இல்லாமல் வைத்துப் பார்த்தேன். காலையில் தேதியும் ஏஹெச்சிஐ-யும் அப்படியே இருக்கின்றன.