குடும்பக் குழு: கதவைத் தட்டும் கணக்கு

அத்தை: மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு முதலில் வீட்டுப் பட்டியல் எடுக்க ஆள் வரப்போகிறதாம். குடிநீர், கழிப்பறை, சமையல் எரிபொருள், வண்டி எல்லாம் கேட்பார்களாமே! வண்டியைச் சொன்னால் பின்னால் வரி என்று வந்து நிற்க மாட்டார்களா?

பெரியப்பா: 1991, 2001 இரண்டிலும் வீடு வீடாக ஏறி இறங்கியவன் சொல்கிறேன், கேள் அம்மா. 1948 கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி உன் பதிலை வெளியார் பார்க்க முடியாது. வேண்டுமென்றே பொய் சொன்னாலோ பதில் சொல்ல மறுத்தாலோ அபராதம் உண்டு.

அத்தை: சரி அண்ணா. என் வீட்டுக் குழாயைத் தெரிந்துகொண்டு அவர்களுக்கு என்ன ஆகப்போகிறது?

அண்ணன்: இத்தனை வீட்டில் குழாய் இல்லை என்று நாம் வாயால் சொன்னால் புலம்பல். அரசே அச்சிட்ட அட்டவணையில் இருந்தால் மறுக்க முடியாது. மனு எழுதி அலைந்தவனுக்குத் தெரியும்.

சித்தப்பா: அதற்கு நாட்டையே எண்ண வேண்டுமா? தேசியக் குடும்பநல ஆய்வுதான் இருக்கிறதே.

அக்கா: 2019-21 ஆய்வில் போனது ஏறத்தாழ 6.37 லட்சம் வீடுகளுக்குத்தான், சித்தப்பா. மாவட்டத்தில் இரத்தசோகை எவ்வளவு என்று சொல்லும். நம் வார்டு என்றால் வாய் திறக்காது. எந்த ஊரில் போய்க் கேட்பது என்று தேர்ந்தெடுக்கவே 2011 கணக்கெடுப்புப் பட்டியல்தான் தேவைப்பட்டது.

அண்ணன்: ரேஷனும் அப்படியே. உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராமத்தில் 75%, நகரத்தில் 50% பேர் வரை என்கிறது. யாரில் 75%? இன்னும் 2011 தலைக்கணக்கில்! சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது விதி. 2011க்குப் பிறகு முளைத்த குடியிருப்புகள் பழைய கணக்கில் வெறும் வயல்.

சித்தி: அப்படியானால் விடுதியில் இருக்கும் பையனையும் இங்கே சேர்த்துவிடலாமா? ஆள் கூடினால் நல்லதுதானே 😀

பெரியப்பா: கூடவே கூடாது. அவனை விடுதியிலேயே எண்ணிவிடுவார்கள். இப்போது வீட்டுப் பட்டியல்தான். தலை எண்ணுவது 2027 பிப்ரவரியில். அப்போது கைக்குழந்தையை விட்டுவிடாதீர்கள். பெயர் வைக்கவில்லை என்று சொல்லாமல் விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெயர் இல்லாவிட்டாலும் அது ஒரு தலை!

அக்கா: 2011இல் மறுபடி சரிபார்த்தபோது ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டிருந்தார்கள்.

சித்தி: எங்கள் மாடியில் வாடகைக்கு இருக்கும் பையன்கள்? வெளி மாநிலத்தார்.

பெரியப்பா: தங்கி வேலை பார்ப்பது இங்கே என்றால் எண்ணுவதும் இங்கேதான். பகலில் பூட்டிய வீடு என்று போய்விடுவார்கள். எப்போது இருப்பார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்.

சித்தி: இரவு எட்டு மணிக்கு மேல்தான் வருவார்கள். அவர்களிடமே சொல்லிவிடுகிறேன்.