பொருள்: மறு: 'அப்சைக்கிளிங்' – மேல்சுழற்சி வேண்டாம்

அன்பின் நண்பர்களே,

பழைய பொருளை அதன் பெறுமதி கூடும்படி புதுப் பொருளாக்குவதை ஆங்கிலத்தில் 'அப்சைக்கிளிங்' (upcycling) என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'மேல்சுழற்சி' என்று எழுதப் பலர் இசைந்துவிட்டீர்கள். நான் இசையவில்லை.

தமிழ்நாட்டில் 'மறுசுழற்சி' என்பதால் அங்குள்ளோருக்கு இதன் இடர் தெரியாது. இலங்கையில் நாம் எழுதுவது 'மீள்சுழற்சி'. மீள், மேல்: ஓர் உயிர்க்குறியும் ஈற்றில் ளகர லகரமும்தான் வேறுபாடு. நான் மொழிபெயர்க்கும் பயிற்சிக் கைந்நூலில் இரண்டும் ஒரே பக்கத்தில் வருகின்றன. அச்சகத்தில் யாராவது 'பிழை' திருத்திவிடுவார்கள்.

அதைவிடப் பெரிய மறுப்பு, 'சுழற்சி' என்பதே இங்கு பொருந்தவில்லை. 2019 உலகக் கிண்ணத்தில் இலங்கைக் கிரிக்கெட் அணி அணிந்த சட்டை, கடற்கரையில் சேகரித்த பிளாஸ்டிக்கிலிருந்து வந்தது. அந்த வகைத் துணிக்குப் போத்தலை நொறுக்கிக் கழுவி, 250 பாகை செல்சியசுக்கு மேல் உருக்கி, நுண்துளைகள் வழியே இழையாக இழுக்கிறார்கள். போத்தல் மறைந்து மூலப்பொருள் மட்டும் மிஞ்சுகிறது. சட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் அது மீள்சுழற்சிதான்.

கொழும்பு மட்டக்குளியில் இந்தக் கைந்நூலுக்காகக் காத்திருக்கும் பெண்கள் எதையும் உருக்குவதில்லை. சொப்பிங் பைகளையும், புறக்கோட்டை மொத்தக் கடைகளின் துணிக்கட்டுகளைச் சுற்றி வரும் பொலித்தீனையும் கழுவிக் காயவைத்து, நாடாவாக வெட்டி, குரோசே ஊசியால் பின்னுகிறார்கள். பொலித்தீன் பொலித்தீனாகவே இருக்கிறது. கைவேலைதான் அதன் விலையை ஏற்றுகிறது. உள்ளே துணி வைத்து, சிப் தைத்துவிட்டால் அந்தப் பையை எந்த மீள்சுழற்சி ஆலையும் எளிதில் எடுக்காது. பிறகு எங்கே சுழற்சி?

1994இல் ரைனர் பில்ஸ் என்ற ஜெர்மானியப் பொறியியலாளர் ஒரு நேர்காணலில் இந்த ஆங்கிலச் சொல்லைக் கையாண்டபோதும் அவரது ஆதங்கம் பெறுமதி பற்றியதுதான்: பழைய கட்டடப் பொருள்களை உடைத்து நொறுக்கித் தரமிறக்குகிறோம், அவற்றின் பெறுமதியை ஏற்ற வேண்டாமா என்பது. ஆகவே என் முன்மொழிவு 'உயர்வாக்கம்'. எதிர்ச்சொல்லாகத் 'தாழ்வாக்கம்' தானே அமைகிறது. செய்பவர் 'உயர்வாக்குநர்'. இந்தக் கடைசிச் சொல்லை நான் முக்கியமாகக் கருதுகிறேன். இப்போது அந்தப் பெண்களைக் 'கழிவு சேகரிப்போர்' என்ற பட்டியலில்தான் சேர்க்கிறார்கள். போத்தல்காரர் கிலோக் கணக்கில் நிறுத்து வாங்குகிறார். பின்னிய பையோ ஒன்று இரண்டு என்று எண்ணி விற்கப்படுகிறது. நிறுவைக் கூலிக்கும் கைவினைக் கூலிக்கும் உள்ள தூரத்தைச் சொல் மறைக்கக் கூடாது.

'மதிப்பேற்றம்' என்ற மாற்றுச் சொல்லும் அழகுதான். ஆனால் பெறுமதி சேர் வரி (VAT) கட்டிக் களைத்த நாட்டில் அதை விலைச்சீட்டில் கண்டால் இன்னொரு வரியோ என்று கேட்பார்கள்.

---

பதில் 1

ஐயா, சுழற்சியை விடுவதில் உடன்பாடு. ஆனால் 'உயர்வாக்கு' என்று ஏவலாக எழுதினால் 'உயர் வாக்கு' என்று படிக்கிறேன். தேர்தல் காலத்தில் இன்னும் மோசம். 'உயராக்கம்' ஆகாதா? அல்லது 'மேலாக்கம்'?

---

பதில் 2

அன்பின் சகோதரி,

'உயராக்கம்' பார்வைக்குச் சுருக்கம். ஆனால் முன்பாதியை 'உயரா' என்று எதிர்மறையாகப் பிரித்துப் படிக்க இடமுண்டு. 'மேலாக்கம்' வினையாகும்போது 'மேலாக்கு' என்று சேலைத் தலைப்பாகிவிடும். துணியும் தையலும் வரும் நூலில் அது பெரும் குழப்பம். 'உயர்வாக்கு' உண்மையிலேயே இடறுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஏவலைத் தவிர்த்து 'உயர்வாக்குங்கள்', 'உயர்வாக்கிய' என்றே எழுதலாம். கைந்நூலுக்கு அது போதும்.

ஒன்று கூடுதலாக: பின்னுகிறவர்கள் தமக்குள் 'பொலித்தீன் பின்னல்' என்கிறார்கள். பொருளுக்கு அந்தப் பெயரே இருக்கட்டும். செயல்முறைக்கு மட்டும் நம் சொல். விலைச்சீட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'பொலித்தீன் பின்னல் பை. கழுவிய சொப்பிங் பைகளிலிருந்து கையால் உயர்வாக்கியது.' வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மறுப்பு இருந்தால் அதற்கு முன் எழுதுங்கள்.